நூல் அறுந்த மூன்று வாரம்

பதினெட்டு வருஷமாகக் கத்தி பிடித்த கை. ஆஸ்பத்திரியில் குடல் தையல் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கைக்கு ஒரு பெட்டி தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

பெட்டி என்றால் சிமுலேட்டர். ரோபோவை வைத்து ஆபரேஷன் செய்யப் பழகும் இயந்திரம். நோயாளி கிடையாது, இரத்தம் கிடையாது. முகத்தைப் பார்வைக் கூண்டுக்குள் புதைத்து, விரல்களைப் பிடிகளில் மாட்டி, திரையில் தெரியும் பொய்ச் சதையைத் தைக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால்தான் நிஜ ரோபோவைத் தொட விடுவார்கள். இருப்பது ஒரே இடம். வெள்ளிக்கிழமைக்குள் வாங்காவிட்டால் அது அடுத்த டாக்டருக்குப் போய்விடும்.

மூன்று வாரமாக அவள் எழுபதைத் தாண்டவில்லை. முடிச்சை இறுக்கும்போதெல்லாம் நூல் படக்கென்று அறுந்தது.

"இன்னிக்கு அஞ்சு நூல்தான் மேடம். நேத்து ஏழு," என்றார் பயிற்சி அறையைப் பார்த்துக்கொள்பவர். மதிப்பெண் வாசிப்பதே வேலை என்பதால் டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் மார்க்கு.

"கிண்டலா மார்க்கு?"

"ஐயோ, நான் எங்க பண்றேன்? மெஷினே பண்ணுதே."

"இழுக்கறது கையில தெரியவே மாட்டேங்குது. காத்தை இழுக்கற மாதிரி இருக்கு."

"இதுல தெரியாது மேடம். பார்த்துத்தான் செய்யணும்."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

வியாழன் சாயங்காலம். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிக்குக் கை நீட்டினாள். எட்டவில்லை. சிமுலேட்டரில் கை எட்டாவிட்டால் இடது காலால் மிதியை அழுத்த வேண்டும். ரோபோ அப்படியே நிற்கும், கையை வசதிக்கு நகர்த்திக்கொள்ளலாம். பழக்க தோஷம், கால் தானாக அழுத்தியது. எதிரே இருந்தது கணவரின் பாதம்.

"ஆ! டாக்டரே, இது நாலாவது தடவை."

"ஐயோ, சாரிங்க."

"பரவாயில்ல, மிதி. அப்பவாவது என் ஞாபகம் வருதே."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குக் கடைசி நாள்," என்றாள்.

அவர் ஜாடியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

அவருக்கு சோபா தைக்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணாடி வெட்டியதில் வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. அப்போது ஆறு மாதம், தினமும் காலையில் அவள் அந்த நுனிகளைக் கிள்ளி, "தெரியுதா?" என்று கேட்பாள். "தெரியல" என்பார். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

சாப்பிட்டு முடித்து அவர் ஒரு மெத்தையில் பட்டன் தைக்க உட்கார்ந்தார். தடித்த ஊசி, மெழுகு நூல். இழுத்தார், நிறுத்தினார், முடிந்தார். பட்டனெல்லாம் ஒரே ஆழத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இறுகிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்கறியா?"

"சொல்லுங்களேன்."

"துணியைப் பார்ப்பேன். பட்டனைச் சுத்திக் குழி விழும். விழுந்ததும் நிறுத்திடுவேன். ஓரத்துல சுருக்கம் வந்தா அதிகமா இழுத்துட்டேன்னு அர்த்தம்."

"நூலைப் பார்க்க மாட்டீங்களா?"

"நூல்ல என்ன இருக்கு? அறுந்தப்புறம்தானே அது காட்டும்."

அவள் அவர் கையை இழுத்து அந்த இரண்டு விரல்களையும் கிள்ளினாள்.

"தெரியுதா?"

"தெரியல. ஆனா நீ கிள்ளறது தெரியுது, பார்க்கறேன் இல்ல?"

வெள்ளிக்கிழமை அவளுக்கு இரண்டே வாய்ப்புகள். முதல் தடவை நன்றாகத்தான் போனது. கடைசி முடிச்சில் பழைய கை முந்திக்கொண்டது. படக். எண்பத்தாறு.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்," என்றார் மார்க்கு. குரலில் கிண்டல் இல்லை.

இரண்டாம் தடவை அவள் நூலை மறந்தாள். சதையின் இரண்டு ஓரங்களை மட்டும் பார்த்தாள். அவை நெருங்கின, தொட்டன, லேசாகக் குழிந்தன. இன்னும் ஒரு இழு இழு என்று கை அரித்தது. ஓரம் வெளுக்கும் முன் நிறுத்தினாள். அடுத்த முடிச்சு. அதற்கு அடுத்தது.

மார்க்கு எண்ணை இரண்டு தடவை வாசித்தார். "தொண்ணூத்தி மூணு. நூல் ஒண்ணுகூட அறுந்துபோகல. யார்கிட்ட ட்யூஷன் போனீங்க?"

"ஒரு சோபாக்காரர்கிட்ட."

அன்று சாப்பாட்டு மேசையில் ஜாடி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செருப்பைக் கழட்டுங்க," என்றாள்.

கழற்றினார். அவள் தெரிந்தே மிதித்தாள்.