மூலைப் பீப்பாயில் ஒரு மடக்கு

படையல் இலையில் சாராயம் வைப்பது கிணத்துக்கடவுப் பக்கம் ஒன்றும் புதுசில்லை. செத்தவர் எதை ஆசையாகத் தின்றாரோ, குடித்தாரோ, அதை வைத்துத்தான் கும்பிடுவார்கள். குவார்ட்டர் பாட்டில் வைத்த வீடு உண்டு, பீடிக்கட்டைப் பிரித்து வைத்த வீடும் உண்டு. அதனால் காளிச்சாமியின் மருமகன் ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தபோது உறவுக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கா இதெல்லாம் என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்ததோடு சரி. குதித்தது காளிச்சாமிதான்.

"எடுங்க அந்தக் கருமத்தை! என்ற மவ எலையில அதை வெக்கச் சொல்லி எவன் சொன்னான்?"

மருமகன் ஜோர்டி ஸ்பெயின் நாட்டுக்காரன். கேட்டலோனியாவில் ப்ரியோராட் என்ற மலைப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வெள்ளாமை செய்து ஒயின் வடிக்கிற குடும்பம். காளிச்சாமியின் ஒரே மகள் லோகப்பிரியா கோயமுத்தூரில் விவசாயம் படித்துவிட்டு மேற்படிப்புக்கு அங்கே போனவள், அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இந்தத் தை மாசம், முப்பத்திரண்டு வயசில், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று போன் வந்த மூன்றாம் நாள் செத்தும் போனாள். சாம்பலைத்தான் ஜோர்டி கொண்டுவந்தான். காலையில் பேரூர் ஆற்றில் கரைத்தாயிற்று, மத்தியானம் படையல்.

"மாமா, இது கடையில வாங்குனது இல்லீங்க" என்றான் ஜோர்டி. பொண்டாட்டியிடம் கற்றுக்கொண்ட தமிழ், அதனால் அவன் வாயில் கொங்குப் பேச்சுதான் வரும். "எங்க ஊட்டு மூலைப் பீப்பாயில எடுத்ததுங்க. பிரியாவுக்குப் புடிக்குமுங்க."

காளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார்.

மூலைப் பீப்பாயை அவருக்குத் தெரியாதா என்ன? புரட்டாசியில் பதினோரு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவராயிற்றே. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு மூலையில் அப்படி ஒரு பீப்பாய் கிடக்கும். வருசா வருசம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்குப் புது ஒயினை ஊற்றி வைப்பார்கள். அடி வரைக்கும் காலி செய்யவே மாட்டார்கள். நம் வீட்டு உறைமோர் மாதிரிதான், முப்பாட்டன் ஊற்றியதும் உள்ளே ஒரு சொட்டு இருக்கும். ஒரு காலத்தில் பூச்சி விழுந்து மலை முழுக்கத் திராட்சைக் கொடி பட்டுப்போய், பாதி ஊர் பிழைப்புத் தேடிக் கிளம்பியபோதுகூட இந்தப் பீப்பாயை விற்கவில்லை என்று சம்பந்தியம்மா ரொசேர் சொன்னதை லோகப்பிரியாதான் தமிழில் சொன்னாள். கல்யாணம், காது குத்து மாதிரி விசேஷத்துக்கும் முக்கியமான விருந்தாளிக்கும் மட்டும் அதிலிருந்து ஒரு மடக்கு.

காளிச்சாமி அங்கே எல்லாவற்றுக்கும் நொட்டை சொன்னார். கருங்கல் சல்லி மாதிரி மண்ணைப் பார்த்துவிட்டு, இதுல தென்னை வெச்சா ஒரு மட்டை வராது என்றார். ரொட்டியில் தக்காளியை அரக்கித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவிக் கொடுத்ததற்கு, தாளிக்காத தக்காளிச் சட்னிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார். ஆனாலும் நாலு துண்டு தின்றார்.

அறுவடை முடிந்த அன்றைக்கு அந்த மூலைப் பீப்பாயைத் திறந்தார்கள். நீளமான மூக்கு வைத்த கண்ணாடிக் கூஜா ஒன்றில் ஊற்றி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டுமாம். வெளியூர்க்காரன் எவனும் சட்டையை நனைக்காமல் குடித்ததில்லை என்று சவால் வேறு. காளிச்சாமிக்கு ரோசம் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து சொம்பைத் தூக்கி அண்ணாந்தே தண்ணீர் குடித்த மனுசன்! கூஜாவை வாங்கினார், கையை உயர்த்தினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஊரே கை தட்டியது. தொண்டையில் இறங்கிய பிறகுதான் அவருக்குப் பொட்டில் அடித்தது.

லோகப்பிரியாவுக்குப் பதினொரு வயசிருக்கும்போது அவர் குடித்துவிட்டு வண்டியோடு வாய்க்காலில் விழுந்தார். மறுநாள் காலையில் அவள் அவர் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "இனிமே தொட்டீங்கன்னா நான் செத்துப்போயிருவேன்" என்றாள். அவரும் சத்தியம் செய்தார். இருபது வருசம் தொடவில்லை. கூடப்பிறந்தவன் எழவில்கூடத் தொடவில்லை. அங்கே போய், கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, தொட்டார். நாலு மாசத்தில் பிள்ளை போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

அவர் பொண்டாட்டி பாப்பாயி பின்னாலேயே தோப்புக்கு வந்தாள்.

"ஏனுங்க, ஊடு நெறையச் சனம் இருக்கறப்ப மாப்பிள்ளைய இப்படியா பேசறது? அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சுங்க."

"நாந்தான் கொன்னுபோட்டேன் பாப்பாயி. என்ற புள்ளைய நாந்தான் கொன்னேன்."

ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருசத்தில் அவர் இப்படி அழுது பாப்பாயி பார்த்ததில்லை.

"அவ போன வருசம் மாசியிலயே எங்கிட்டச் சொல்லிப்போட்டாளுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"கணையத்துல கட்டின்னு. ஒரு வருசம் தாங்கறது செரமம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாமா. அப்பாகிட்ட மூச்சு உட்டுறாதே, ஒருக்கா இங்க கூப்பிட்டு வெச்சுக்கறேன், ஒண்ணும் தெரியாம எங்கூடப் பத்து நாளு சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும்னா. நீங்க குடிச்சதுக்கு ஏழு மாசம் முந்தியே வந்துபோச்சுங்க. உங்களால ஒண்ணும் இல்லீங்க."

நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது உண்மைதான். ஆனால் இறங்கின வேகத்தில் கோபம் வந்தது.

"ஒரு வருசமா மனசுக்குள்ள வெச்சுட்டு எனக்குச் சோறு போட்டுட்டு இருந்திருக்கறயே, நீயெல்லாம் பொம்பளையா? தெரிஞ்சிருந்தா அவளை உட்டுட்டு வந்திருப்பனா? அந்த மண்ணைக் கொறை சொல்லிட்டு, ரொட்டியக் கொறை சொல்லிட்டு, பதினோரு நாளையும் வீணாப் பண்ணிப்போட்டனே!" திட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "உனக்கும்தானே டிக்கெட் போட்டா? சினைமாட்டை உட்டுட்டு வர முடியாதுன்னு நீதானே நின்னே?"

"மாடு என்னத்தைங்க மாடு. பக்கத்துத் தோட்டத்துல சொன்னாப் பாத்துக்க மாட்டாங்களா? அவளைப் பாத்தா நான் அழுதுபோடுவேன். உங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும். அப்புறம் அவ ஆசைப்பட்டது எப்படி நடக்கும்? அதான் போகலீங்க."

காளிச்சாமி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். இவள் தன் மகளைக் கடைசியாக ஒரு தரம் பார்க்காமலே இருந்திருக்கிறாள். தனக்காக.

"நீங்க வந்து எல்லாஞ் சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்தனுங்க" என்றாள் பாப்பாயி. "நீங்க வாயே தொறக்கலை. கேட்டா எரிஞ்சு உழுந்தீங்க."

அது நிசம். பேச்சுக் கொடுத்தால் குடித்தது வெளியே வந்துவிடும் என்று அந்தப் பதினோரு நாளையும் அவர் மூடி வைத்திருந்தார். அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

"சொல்லுங்க. நீங்க அண்ணாந்து குடிச்சப்ப அவ என்ன பண்ணுனா?"

"சிரிச்சா பாப்பாயி. தரையில உக்கோந்து வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சா. எங்கப்பா எங்கப்பான்னு எல்லார்த்துகிட்டயும் அந்தப் பாசையில சொன்னா. வெயிலுக்கு உன்ற சீலையக் கிழிச்சுத் தலையில கட்டியிருந்தா."

"எந்தச் சீலைங்க?" என்று கேட்டுக்கொண்டே பாப்பாயி தரையில் உட்கார்ந்தாள். காளிச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து, ஏர்போர்ட்டில் இறங்கியதிலிருந்து ஆரம்பித்தார்.