நுரை எழுதிய முகவரி

அரூருக்கு வெளியே, காய்ந்த ஓடையில் லாரி டிரைவர் மாது பதினொரு மணிக்குத் திறந்துவிட்ட செப்டிக் டேங்க் கழிவு, பதினொன்றரைக்கு அவர் மகள் கவிப்பிரியா வாழ்க்கைப்பட்ட ஊரின் கடற்கரையில் ஒதுங்கியது. நடுவில் இருநூறு கிலோமீட்டர்; ஓடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அலை பின்வாங்கியதும் நுரை ஈரமணலில், ரேஷன் கார்டில் இருப்பதுபோலவே எழுதிக் காட்டியது: ராஜப்பன், பழைய எண் 14, புதிய எண் 31, சந்தைத் தெரு, அரூர்.

கவிப்பிரியா போன் செய்தாள். “அப்பா, இன்னைக்கு ராஜப்பன் மாமா வூட்டுக்குப் போனீங்களா?”

“உனக்கு யாரு கண்ணு சொன்னது?”

“கடலுதாங்க சொல்லுது. பாப்பாவுக்கு ஒடம்பெல்லாம் கொப்புளம். குளிக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சுட்டாங்க. கொட்டுனது எங்கப்பா லாரின்னு மாமியாருக்குத் தெரிஞ்சா நான் எங்கீங்க போவேன்?”

கழிவைக் கொட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அதனால்தான் எல்லா லாரிகளும் ஓடையோடு முடித்துக்கொண்டன. அன்று முதல் மாதுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நடையும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினார். ஆனாலும் மற்ற லாரிகள் கொட்டியதில் மணலில் முகவரிகள் வருவது நிற்கவில்லை. பேத்தியின் கொப்புளமும் ஆறவில்லை. மற்ற டிரைவர்களிடம் சொன்னார்.

“கடலு அட்ரஸ் எழுதுதா? போஸ்டாபீசுல சேத்துவுடு மாது.”

மகள் அனுப்பிய போட்டோக்களோடு மாது வீடு வீடாக ஏறி இறங்கினார். பானுமதி டீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தன் பெயர் மணலில் கிடந்த அளவுக்குக் கடல் கெட்டதுகூட அவரை உலுக்கவில்லை. சிரிக்காதீர்கள், மானம் அப்படிப்பட்டது.

“எம்.ஏ., பி.எட்.னு வேற போட்டிருக்குது. ஊரு பேரு தெரியாத சனமெல்லாம் மிதிச்சுக்கிட்டுப் போவுதே, மாது.”

அடுத்த முறை டீச்சரே லாரியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நிலையம் வரை போய், கடைசிச் சொட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். ராஜப்பனும் அப்படியே போனார். ஆறே மாதத்தில் துணைக்கு ஆள் ஏறாமல் அரூரில் எந்த லாரியும் கிளம்புவதில்லை என்றானது. தை மாதம் போர்டை எடுத்தார்கள். பாப்பா கழுத்தளவு நீரில் நின்றாள்.

இப்போது லாரிகளின் பின்புறம், முதலாளி போன் நம்பருக்குக் கீழே கவிப்பிரியாவின் நம்பரும் எழுதியிருக்கிறது. தொட்டியைக் காலி செய்த வீட்டார், மணலில் பெயர் ஏதும் உண்டா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள். சில நாள் அவள் போனை எடுப்பதில்லை. பாப்பாவோடு கடலில் குளித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்குச் சந்தைத் தெருவில் சோறு ஆறிப்போகும்.