கழித்துப் போட்ட ஐந்து

பாய்லர் புகைக்குழாயில் செருகியிருந்த ஆக்சிஜன் சென்சாருக்குப் பக்கத்தில் ஆபரேட்டர் கிளீட்டஸ் ஊதுபத்தியை நீட்டினான். புகை மேலே எழவில்லை. வளைந்து, குழாயில் மயிரிழையாய் ஓடிய வெடிப்புக்குள் போய் மறைந்தது. மூன்று நாளாகத் தேடியது அதைத்தான். சென்சாரை மாற்றிப் பார்த்தும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்பது சதவீதத்திலேயே நின்றதற்கு வெடிப்பு வழியே கலந்த வெளிக்காற்றுதான் காரணம். உள்ளே இருப்பது நாலுதான். ஒன்பதை நம்பிக் காற்றைக் குறைத்தால் தீ மூச்சுமுட்டும். கரும்புகையோடு வாசனையில்லாத நச்சுவாயுவும் கிளம்பும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் கையுறை செய்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. மேனேஜர் மரியஜான் பாய்லரை நிறுத்தச் சம்மதிக்கவில்லை.

"கப்பலு நமக்காக நிக்காது, கேட்டியா. மீட்டர்ல அஞ்சு கழிச்சுப் போடு."

"சார், வெடிப்பு வளருமில்லா?"

"வளந்தா ஆறு கழி. ஒனக்குத்தான் தெரியுமே."

தெரிந்ததுதான் வினையாயிற்று. பார்வைத் துளை வழியே தீயின் நிறம் பார்த்து எவ்வளவு கழிப்பதென்று சொல்ல அவனைவிட்டால் ஆளில்லை. அதன்பிறகு இரண்டு மாதம் லீவு கிடையாது. காய்ச்சலோடும் வந்து நின்றான். வெளியே சொல்லலாமென்றால், பதிவேட்டில் தினமும் 'நாலு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பவன் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை குளச்சலில் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். மனைவி பிரிஜா போனில் சொன்னாள்: "நீங்க வரல்லேன்னா பிள்ளை அழுது கரையும்."

ஞாயிறு காலை தன் ஷிப்டு முடிந்ததும், அடுத்த ஷிப்டுக்கு வந்த முத்துக்கனியைப் பார்வைத் துளைக்கு முன்னால் நிறுத்தினான்.

"மீட்டரு ஏறினா காத்தக் கொறச்சிராத. தீய மட்டும் பாரு."

"நீரு போவும் அண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

பஸ் நிறுத்தத்தில் சலவைச் சட்டையோடு நின்றவன் ரப்பர் மரங்களுக்கு மேலே பார்த்தான். கம்பெனிப் புகை முதலில் பழுப்பானது. பிறகு கறுத்தது. முத்துக்கனியைப் போனில் கூப்பிட்டான்; பாய்லர் ரூமுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அடித்து ஓய்ந்த பிறகே உறைத்தது. மரியஜானும் எடுக்கவில்லை. வெடிப்பு வளர்ந்து மீட்டர் ஏறியிருக்கும். மேனேஜரே பக்கத்தில் நின்று, ஐந்தை மட்டும் கழித்துவிட்டுக் காற்றைக் குறைக்கச் சொல்லியிருப்பார். நச்சுவாயு திரும்பி அடிக்கும் அந்த மூடிய அறையில் முத்துக்கனி நிற்பான்.

குளச்சல் பஸ் வந்தது. கால் தானாகப் படியில் ஏறிவிட்டது.

"ஏறுதீரா, எறங்குதீரா?" கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக, கம்பியைப் பிடித்தபடி அவன் நின்றான். பஸ் மெல்ல நகர, ரோட்டில் இருந்த கால் கூடவே நடக்கத் தொடங்கியது.