இருக்கிற கால்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாடிக்கையாளர்களின் அளவுக் கார்டுகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப அதே இடத்தில் செருகுவதும் அவள் வேலை. அதனால் கார்டக்கா. முதலாளியம்மா அதையும் சுருக்கி "கார்டு" என்பார்.

ஒருநாள் அவள் மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சாப்ட்வேர்காரத் தம்பி அதில் ஒரு டேட்டாபேஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். முதலாளியம்மா சுருக்கமாகச் சொன்னார்.

"எல்லாக் கார்டையும் இதுல ஏத்து. மாசக் கடைசிக்குள்ள பழகிக்கோ. பழகிட்டா நீ இருப்ப. இல்லன்னா படிச்ச பொண்ணு ஒண்ணை வரச் சொல்லியிருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடச் சொல்வது போலத்தான் சொன்னார்.

இந்த வேலை போனால் கார்டக்காவுக்கு மாடியறையும் போகும். புருஷனை விட்டு வந்தபின் நெடுநாள் அண்ணன் வீட்டுக் கூடத்தில், அண்ணியின் தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருந்தவள் அவள். இந்தச் சம்பளத்தில்தான் ஒற்றை அறை எடுத்தாள். அதன் கதவை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்த அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏற்ற ஆரம்பித்தாள். எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் திரை சிவப்பானது. போன் இல்லாத ஒருவருக்குப் போன் நம்பர் கேட்டது. பூஜ்யங்களாக அடித்தாள், வாங்கிக்கொண்டது. போன் இல்லாத அடுத்த ஆளுக்கும் பூஜ்யங்களை அடித்தபோது 'இந்தப் பதிவு ஏற்கெனவே உள்ளது' என்றது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஒரு நம்பர் ரெண்டு பேருக்கு இருக்கக் கூடாதுக்கா."

"புருஷனும் பொண்டாட்டியும் ஒரே போன் வச்சிருக்காங்களே தம்பி?"

"வச்சிருக்கக் கூடாதுக்கா."

"அவங்ககிட்ட நான் போய்ச் சொல்லவா?"

அவன் சிரித்துவிட்டு, தான் இருந்த இடத்திலிருந்தே அவள் கம்ப்யூட்டருக்குள் புகுந்தான். திரையில் அம்புக்குறி தானாக ஓடியது. எதையோ திறந்தது, மூடியது, இன்னொன்றைத் திறந்தது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். "இப்ப சரியாயிடுச்சு, பாத்துக்கிட்டீங்கல்ல?" என்றான். "பாத்தேன்," என்றாள். பார்த்தது உண்மைதான்.

முதலில் அழுகை வந்தது, பிறகு எரிச்சல். கொஞ்ச நாளில் இரண்டும் நின்றுவிட்டன. சிவப்புத் திரை வந்தால் சிவப்பு, போனால் வெள்ளை. பட்டறையில் அளவெடுக்கும் அளவுக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

"கால் போனவங்களே இங்க வந்து நடந்துட்டுப் போறாங்க. நீ என்னம்மா, மவுஸைப் புடிச்சுக்கிட்டு நொண்டுற?"

"உங்களுக்கென்ன அண்ணே, உங்க அளவு டேப் எரர் காட்டாது."

கடைசிக் கார்டையும் ஏற்றி முடித்த மறுநாள் முதலாளியம்மா பழைய பேப்பர்காரரை வரவழைத்தார். கார்டுகள் மூட்டையாகப் போயின. அந்த இடத்தில், புதுக் காலோடு நடந்து பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ள இரண்டு இரும்புக் கம்பிகள் வந்தன.

அதற்கடுத்த வாரம் டேட்டாபேஸ் தன் முதல் வேலைத் தாளை அச்சடித்தது. அளவுக்காரர் அதைப் பட்டறைக்குள் எடுத்துப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கார்டக்கா, இந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு இடது கால் இருக்கு. நம்ம கணக்குல இன்னொரு இடது கால் செஞ்சு தரணுமாம். நேரா நடக்க மாட்டார், வட்டமடிப்பார்."

தாளின் தலைப்பில் 'செய்ய வேண்டிய கால்: இடது' என்று இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்தது. அந்தப் பட்டறையின் பழக்கம் வேறு எங்கும் இருக்குமா என்பது சந்தேகம். உயரம், சதைப் பருமன், பாத நீளம் என எல்லா அளவும் இருக்கிற காலில்தான் எடுப்பார்கள். புதுக் கால் அதற்குத்தானே ஜோடியாக வேண்டும்? அதனால் கார்டில் இருக்கிற காலைத்தான் எழுதுவார்கள். இடது என்று எழுதியிருந்தால் வலது செய்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு மட்டும் தெரியாது. அவன் 'கால்' என்று ஒரு கட்டம் வைத்தான், கார்டில் இருந்ததை அவள் அடித்தாள்.

"ஒரு தாள்தானே, கையால திருத்திக்கறேன்," என்று அளவுக்காரர் போய்விட்டார். பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் இதே கதை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தம்பியிடம் சொன்னால் முதலாளியம்மா காதுக்குப் போகும். மாசக் கடைசியோ நெருங்கிவிட்டது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு மெனுவில் தேடினாள். 'கண்டுபிடித்து மாற்று' என்று ஒன்று இருந்தது. இடது என்று இருப்பதையெல்லாம் வலது என்று மாற்றச் சொன்னாள். மாற்றியது. அடுத்து, வலது என்று இருப்பதையெல்லாம் இடது என்று மாற்றச் சொன்னாள். அதையும் மாற்றியது. சிவப்பு வரவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் பெட்டி அவள் பேச்சைக் கேட்டது.

பட்டியலை மேலிருந்து கீழே உருட்டினாள். இடது. இடது. இடது. இன்னும் கீழே போனாள். இடது. முதல் உத்தரவிலேயே எல்லோரும் வலதாகி, இரண்டாவதில் அத்தனை பேரும் இடதாகியிருந்தார்கள். முன்பு யார் இடது, யார் வலது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. கார்டுகள் கூழாகியிருக்கும். வேலை முடிந்ததும் காலுக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சை உடைத்துப் போட்டுவிடுவது வழக்கம்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தால் சத்தமாவது கேட்கும். இங்கே அதுவும் இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிட்டு, கழுவி வைத்தாள். பிறகு பட்டியலின் முதல் நம்பருக்குப் போன் போட்டாள்.

"வணக்கங்க, கால் பட்டறையிலருந்து பேசறேன். பதிவு சரிபாக்கறோம். உங்களுக்கு எந்தக் கால்?"

"ஏம்மா, நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க!" எதிர்முனையில் ஒரு பழைய பஸ் டிரைவர். "வலது. பிரேக் போடற கால். எழுதிக்கோ, மறுபடியும் தொலைச்சிடாதே."

அடுத்தவர் ஒரு டீச்சர். "எந்தக் கால்னா? இருக்கற காலா, இல்லாத காலா? கேள்வியை ஒழுங்கா கேளுங்க."

கேள்வியைத் திருத்திக்கொண்டாள். உங்களுக்கு இல்லாத கால் எது? பட்டறை ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். சிலர் திட்டினார்கள். சிலர் பெல்ட் உரசுவதையும் குதிகால் தேய்ந்ததையும் சொன்னார்கள், குறிப்புக் கட்டத்தில் அடித்து வைத்தாள். ஒருத்தர் தன் கால் போன விபத்தை லாரி நம்பரோடு சொல்லி முடித்துவிட்டு, எந்தக் கால் என்பதைச் சொல்லாமலே போனை வைத்தார். மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு நம்பரை ஒரு பெண் எடுத்தாள்.

"அப்பா இல்லைங்க. தவறிட்டாரு."

வருத்தம் சொல்லி வைத்திருக்கலாம். வாய் பழகிப் போயிருந்தது. "அவருக்கு இல்லாத கால் எதுங்க?"



"இடது," என்றாள் அந்தப் பெண். "படுக்கும்போது கழட்டி என் பக்கமா சாய்ச்சு வைப்பாரு. ஏன், அதைத் திருப்பிக் குடுக்கணுமா?"

"இல்லைங்க. வச்சுக்கோங்க."

இறந்தவர் என்று குறிக்க ஒரு கட்டமும் இல்லை. தேடித் தேடி 'நடப்பில் உள்ளவர்' என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டாள். அவர் பட்டியலிலிருந்து மறைந்தார். அப்படிச் செய்யலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது அந்த டீச்சர்தான். முதலாளியம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டார்: "செஞ்சு குடுத்த காலே எதுன்னு தெரியாத இடத்துலயா நான் அடுத்ததைச் செய்யணும்?"

முதலாளியம்மா தம்பியை வரவழைத்தார். கார்டக்கா நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். தம்பி முழுசும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, பேக்கப் இருக்கேக்கா. தினமும் தானா எடுத்து வச்சுக்கும். ஒரு போன் போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"அது எங்க இருக்கு?"

"சர்வர்ல. உங்களுக்குத் தெரியாது."

பழைய நிலையைக் கொண்டுவந்தான். இடதையெல்லாம் முதலில் வெறும் நட்சத்திரக் குறியாக்கினான். வலதை இடதாக்கினான். நட்சத்திரத்தை வலதாக்கினான். அவ்வளவுதான். "நடுவுல ஒரு காலி இடம் வேணும்கா. ரெண்டு டம்ளர் தண்ணிய மாத்தி ஊத்தறதுன்னா மூணாவது டம்ளர் வேணாமா?"

வேண்டும்தான்.

"அன்னியிலருந்து நீங்க அடிச்சதெல்லாம் போயிடுச்சு. பரவாயில்லையா?"

"போகட்டும்," என்றார் முதலாளியம்மா.

குதிகால்களும் பெல்ட்டுகளும் போயின. அந்த அப்பா பட்டியலுக்குத் திரும்பி வந்திருந்தார். வலப்பக்கம் ஓரத்தில், அடுத்த மாதம் அவருக்கு சர்வீஸ் நினைவூட்டல் போக வேண்டும் என்று தேதி நின்றது. தம்பி பையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் அவர் பதிவைத் திறந்து டிக்கை எடுத்தாள், சேமித்தாள்.

தம்பி போனதும் முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் படிச்ச பொண்ணு வரல. சம்பளத்தைச் சொன்னதும் சிரிச்சிட்டாளாம்." கம்பிகளைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஒருவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீயே இரு. ஆனா, எதையாவது மொத்தமா மாத்தறதுன்னா அந்தப் பையனைக் கேட்டுட்டு மாத்து. புரிஞ்சுதா கார்டு?"

"சரிங்கம்மா."

அவர் எழுந்து போனார். சந்தோஷம் வரும் என்று அவள் சற்றுக் காத்திருந்தாள், மரத்துப்போன பாதத்தை உதறிவிட்டு ரத்தம் இறங்கக் காத்திருப்பது போல. சரியான பட்டியல் திரையில் அப்படியே நின்றது. இடது, வலது, வலது, இடது.

சாயங்காலம் அண்ணி போன் செய்தாள்.

"என்னம்மா, கம்ப்யூட்டர் உனக்கு அடங்குச்சா, நீ அதுக்கு அடங்கினியா? தையல் மிஷினை நகர்த்தணுமான்னு உங்கண்ணன் கேக்கச் சொன்னாரு."

"வேண்டாம் அண்ணி. இருக்கச் சொல்லிட்டாங்க."

"அட! அதை இழவு சொல்ற மாதிரியா சொல்லுவ? கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லேன்!"

"சிரிச்சுக்கிட்டுதான் அண்ணி சொல்றேன்," என்றாள்.