ஒரே விமானத்தில் வந்த இருவர்

1989 நவம்பர். கோபன்ஹேகன் விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் கதவு திறக்கும்போதெல்லாம் மரியரட்ணம் எட்டி எட்டிப் பார்த்தான். சுற்றிவரத் தோல்ஜாக்கெட்டும் நீள்முடியுமாக ஒரு பட்டாளமே நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர்கள் காத்திருந்தது பாடகன் டெஸ் கார்வருக்கு. மரியரட்ணம் காத்திருந்தது மனைவி அருள்நாயகிக்கு. லண்டனிலிருந்து இருவரும் ஒரே விமானம். அதைக் கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்து, மரியரட்ணத்தைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தவன் பென்ட். இக்காஸ்ட் ஊர்ப் பின்னல் ஆலையில் அவனுக்குப் பக்கத்து இயந்திரத்துக்காரன்.

பென்டின் புண்ணியத்தில் டெஸ்ஸின் சரித்திரம் மரியரட்ணத்துக்குத் தலைகீழ்ப் பாடம். இங்கிலாந்தில் கப்பல் பட்டறையில் வேலை செய்தவன். இருபது வருடமாக ஹெவி மெட்டல் என்ற காதைப் பிளக்கும் ராக் பாட்டுப் பாடுகிறவன். மேடையில் பேய்களைப் பெயர் சொல்லி அழைக்கிறவன். குடித்துக் கூத்தடித்துக் குழுவிலிருந்து துரத்தப்பட்டவன். கடைசியில் தொண்டையில் சத்திரசிகிச்சை. இரண்டு வருடம் சத்தமே இல்லை. எல்லோரும் கைகழுவிவிட்டார்கள், பென்டைத் தவிர. கணவனிடம் வந்து சேர அருள்நாயகி போட்ட விண்ணப்பமும் அதே இரண்டு வருடம்தான் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. தமிழ் அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் நீதியமைச்சரே விண்ணப்பங்களை மடக்கி வைத்திருந்தாரென்று இப்போது பத்திரிகையெல்லாம் நாறுகிறது. விசா கிடைத்த பிறகும் மரியரட்ணத்துக்கு நம்பிக்கை வரவில்லை. கதவடியில் வைத்துத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

பயணிகள் எல்லோரும் வந்து முடிந்தார்கள். டெஸ்ஸைக் காணோம், அருள்நாயகியையும் காணோம். பென்ட் நகத்தைக் கடித்தான். மரியரட்ணம் அந்தோனியாரைக் கூப்பிட்டான்.

கதவு திறந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. நரைத்த நீள்முடியும் நெஞ்சில் பெரிய சிலுவையுமாக டெஸ் கார்வர் தள்ளுவண்டியோடு வந்தான். வண்டியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. பின்னால் பச்சைச் சேலையில் அருள்நாயகி, வெறுங்கையோடு.

மரியரட்ணம் கம்பித்தடுப்பைத் தாண்டிக் குதித்தான்.

"உள்ளுக்கை பொலிஸ் மறிச்சுப்போட்டான்," என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "என்னை விடுமட்டும் இந்தச் சாமி அசையேல்லை. பக்கத்திலையே நிண்டவர். பிளேனிலையும் பக்கத்து சீற்தான். நான் செபமாலை சொல்லத் தானும் முணுமுணுத்தவர்."

"சாமியோ? பாதிரியாரோ?"

"பின்னை? சிலுவையைப் பாருங்கோவன். சட்டையிலை மண்டையோடும் இருக்கு, எங்கடை கோயில் பாடுபட்ட யேசு சுரூபத்தின்ரை சிலுவைக்குக் கீழை கிடக்கிற மாதிரியே. முழந்தாளிலை இருந்து ஆசீர்வாதம் வாங்குங்கோ."

உண்மையைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது? அவள் வந்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் மரியரட்ணம் தடாலென்று முழந்தாளிட்டான். டெஸ் திகைத்துப்போய் நின்றான். அதற்குள் பென்டும் வந்து பக்கத்தில் முழந்தாளிட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு தோல்ஜாக்கெட், பிறகு இன்னொன்று. கூச்சல் அடங்கியது. பச்சை குத்திய கையொன்று தயங்கித் தயங்கி மரியரட்ணத்தின் தலையில் வந்து அமர்ந்தது.

குனிந்த தலைக்கு அருள்நாயகியின் கால்கள்தான் தெரிந்தன. ரப்பர் செருப்புக்குள், குளிருக்கு டெஸ் கழற்றிக் கொடுத்த கறுப்புக் கம்பளிக் காலுறைகள். அளவு பெருத்து, முனை தொங்கிக்கொண்டிருந்தாலும், இரண்டும் டென்மார்க்கின் தரையில் நன்றாக ஊன்றி நின்றன.