சபாபதிக்கு மட்டும் தெரியாத இடம்

மாதவி, ஸ்ரீ கெம்பாங்கான் பட்டணத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து, அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரைக் கேட்டாலும் அவள் கணவன் சபாபதியின் காதில் 'ஆமா' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அவர்கள் குடியிருந்த சுங்கை வே பாசாரில் அந்த வாரம் கெம்போங் மீன் விலையும் ஏறியிருந்தது. சனங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

கிடங்கின் கணினிக்குக் கடவுச்சொல் கிடையாது. ஆள் வழக்கமாக நடமாடும் இடங்களைக் கைப்பேசியே பழகிக்கொண்டு, இது அவர்தான் என்று மட்டும் கம்பெனிக்குச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அதை விளக்கிய, கிடங்கின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பிரவினிடம் மாதவி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"எங்க போனேன்னு யாருக்குமே தெரியாதா?"

"எங்களுக்கே தெரியாதுக்கா. நீங்கதானான்னு கேப்போம், ஆமான்னு வரும். அவ்வளவுதான்."

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான நாள் முதல் அவள் போகுமிடமெல்லாம் சபாபதி பின்னால் வந்து நிற்பான். கிள்ளானில் அக்கா ரமணி வீட்டுக்குச் சொல்லாமல் போனாள் என்று அந்த வீட்டு கேட்டை மோட்டார் சைக்கிளால் இடித்துச் சாய்த்தவன்.

இப்போது போன் போட்டு, "எங்கடி இருக்கே?" என்பான். அவள் ஒளிக்காமல் ரமணி வீடு என்பாள். அவனுக்கு 'ஆமா' என்று கேட்கும். ரமணியைக் கேட்டாலும் அதேதான். கிடங்குக்கே போய், "என் பொண்டாட்டி லொகேஷன குடு லா" என்று மேசையில் குத்தினான். பிரவின் கையை விரித்தான். வீட்டுக்கு வந்தவன் அவள் கைப்பேசியைச் சுத்தியலால் நொறுக்கினான். அன்றோடு அவள் அவன் கண்ணுக்கும் தெரியாமல் போனாள்.

மற்ற எல்லோருக்கும் தெரிந்தாள். சமையலறை வாசலில் நின்று, "நான் போறேன்" என்றாள். குரல் வந்த பக்கம் ஓங்கிய அவன் கை சுவரில் பட்டு மணிக்கட்டு முறிந்தது. அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது; முனைக்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிள்ளானுக்கு வண்டி பிடித்தாள்.

விவாகரத்து வழக்கில், "அவ வரவே இல்ல, கேஸ தள்ளுங்க!" என்று சபாபதி கத்தினான். கைக்கெட்டும் தூரத்தில்தான் அவள் நின்றாள். இரு தரப்பும் வந்ததாக எழுதிக்கொண்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

அவளை இன்னும் சும்மா விடுவதாயில்லை என்று அவன் சொல்லித் திரிகிறான். சனிக்கிழமைப் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு அவளும் வருகிறாள், அவனும் வருகிறான். மிளகாய்க் கடையில் அவள் குனிந்து பொறுக்கும்போது கடைக்காரர், "பாஸ், கொஞ்சம் தள்ளு லா" என்கிறார். யாருக்காக என்று கேட்காமல் அவன் தள்ளி நிற்கிறான்.