சாரதி உட்பட

ரிப்கான் நானா பாடசாலை வேன் ஓட்டுகிறவர். மாளிகாவத்தையில் பிள்ளைகளை ஏற்றி வெள்ளவத்தையில் இறக்குவார். வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியதும் பழைய வேனை விற்றுவிட்டு ஜப்பானிலிருந்து ஒன்றை வரவழைத்தார். அது துறைமுகத்தில் பதினொரு நாளாக வெயிலில் நின்றது. பிழை என்னுடையது. நானாவுக்கு அது தெரியாது.

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் அங்கிளின் கிளியரிங் அலுவலகத்தில் எனக்கு இரவு வேலை. கெம்பஸை இரண்டாம் வருடத்தோடு விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. சுங்கப் படிவங்களைக் கணினியில் நிரப்ப வேண்டும். சாரதி உட்படப் பத்துப் பேர் இருக்கக்கூடிய வேன் ஒரு வகை. ஒன்பது என்றால் காரோடு சேர்த்துவிடுவார்கள். அப்புறம் உற்பத்தி வரி வேனின் விலையையே தாண்டும்.

அன்றைக்குப் பதினேழு படிவம். இருக்கை எண்ணிக்கை போட்ட வேனின் ஜப்பான் பத்திரம் கோப்புக்குள் இருந்தது. அலுப்பில் திறக்கப் பஞ்சி. நானாவுக்கே போன் எடுத்து எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டேன்.

“ஒம்பது பேரு தாராளமா இருக்கேலும் தம்பி.”

ஒன்பது என்று அடித்தேன்.

பாடசாலை வேன்காரர்கள் சாரதியை எண்ணுவதில்லை. மாதம் முடிய யாருக்காகப் பணம் வருகிறதோ அவர்தான் அவர்களுக்கு ஆள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பத்திரத்தில் பத்து என்று இருந்தது. அந்த எண்ணை வாசிக்க ஜப்பான் மொழி தேவையில்லை.

காருக்குரிய வரி வந்த பிறகுதான் பிழையைக் கண்டு திருத்தத்துக்கு விண்ணப்பித்தோம். அதிகாரி நேரில் வந்து எண்ணுவதாகச் சொன்னார்கள். தவணை தொடங்க இரண்டு வாரம் இருந்தது. மூன்று பெற்றோர் ஏற்கெனவே வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள். வரி காருக்கு உரியதாகவே நின்றால் நானாவால் வேனை எடுக்கவே முடியாது.

எண்ணும் நாளன்று துறைமுக வாசலில் ஒஸ்வால்ட் அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கேட்டா, கிளையண்ட் பிழையாச் சொல்லிட்டார் எண்டு சொல்லு. எங்கட பிழை எண்டா லைசன்ஸில விழும். பிறகு உன்னை வச்சிருக்கேலாது.”

“தண்டம்?”

“அது நானா கட்டுவார். நீ கட்டுறியா?”

நான் கோப்பை இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

அதிகாரி சிங்களவர். மெலிந்த மனிதர். கதவை இழுத்துப் பார்த்தார். கடைசியில் மூன்று, அதற்கு முன் இரண்டு, இன்னும் இரண்டு. முன்வரிசையில் சாரதிக்கும் ஓரத்து இருக்கைக்கும் நடுவே உள்ள சின்ன இருக்கை தட்டுப்போல மடிந்து கிடந்தது. யாரோ ஜப்பான்காரன் கோப்பை வைத்த வட்டம் அதில் இருந்தது. இதெல்லாம் ஒரு இருக்கையா என்று கேட்டார். நான் அதை நிமிர்த்தி, இடுக்கில் புதைந்திருந்த பெல்ட்டை இழுத்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு நானாவின் பக்கம் திரும்பினார்.

“கீ தெனெக்த?”

எத்தனை பேர் என்று கேட்டால் நானா யோசிப்பதே இல்லை. “நவதெனெக், சேர்!”

ஒன்பது. அதையும் பெருமையாகச் சொன்னார். ஒஸ்வால்ட் அங்கிள் பல்லைக் கடித்துக்கொண்டு, “நாசமாப் போச்சு” என்றார். படிவத்திலும் ஒன்பதுதானே, பிறகு என்ன திருத்தம் என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

“நானா, உங்களையும் சேத்தோ ஒம்பது?” என்றேன்.

“என்னெயா? நான் ஓட்டுற ஆள் தம்பி. என்னெ எதுக்கு எண்ணுற?”

அதை அப்படியே சிங்களத்தில் அதிகாரியிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். “எதகொட ஒயா மினிஹெக் நெவெய்த?” அப்படியென்றால் நீ மனிதன் இல்லையா என்று கேட்டு, நானாவைச் சாரதி இருக்கையில் ஏற்றினார். அவரிலிருந்து எண்ணத் தொடங்கினார். பத்து வந்தது.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். படிவத்தில் ஒன்பது போட்டது யார்? என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். ஒஸ்வால்ட் அங்கிள் என்னைப் பார்த்தார்.

“மகே வெரத்த, சேர்,” என்றார் நானா, இருக்கையிலிருந்தபடியே. என் பிழைதான், நான்தான் ஒன்பது என்று சொன்னேன். அவர் சொன்னது உண்மை. நான் கோப்பை மூடிக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில், இறக்குமதியாளர் தவறான தகவல் வழங்கினார் என்று அன்றிரவு நானே அடித்தேன்.

தண்டம் அவருடைய இரண்டு மாத வேன் வசூல். கட்டினார். நாலாம் நாள், பதியாத வண்டிக்குப் போடும் கராஜ் இலக்கத் தட்டுப் போட்டு வேனை வெளியே எடுத்தார்.

“ஏறுங்க, கொட்டாஞ்சேனையில எறக்கிர்றன்.”

ஓரத்து இருக்கையை ஒஸ்வால்ட் அங்கிள் பிடித்துக்கொண்டார். நான் நடுவில். முழங்கால் கியரில் இடித்தது.

“நீங்க கேக்காட்டி அந்தாளு ஒம்பதெண்டே எழுதீப்பான்,” என்றார் நானா. “ஒங்களுக்காக அல்லாகிட்ட துஆ கேட்ட நான்.”

அங்கிள் வெளியே பார்த்தார்.

இறங்கும்போது ஜப்பான் பத்திரத்தை நானாவிடம் கொடுத்தேன். வேனைப் பதிய அது வேண்டும். பத்து என்ற எண் மேலேயே இருந்தது. அதன் பக்கத்தில் எங்கள் அலுவலக முத்திரை. முத்திரையில் இருந்த, பத்திரம் எங்கள் கைக்கு வந்த திகதி, நான் போன் எடுத்ததற்கு ஐந்து நாள் முந்தியது.

அவர் அதைப் பார்க்காமலே நான்காக மடித்து, வெயில் மறைப்புக்குள் செருகினார்.